செருக்கு எது? தன்மானம் எது? கிரேக்கக் கதைகள் புகட்டும் பாடம்

செருக்கு தீது, பணிவு நன்று என்னும் உரையைக் கேளாதார் நம்மில் எவருமிலர். கற்றோர் மேடையேறிக் கூறுவதும் இதுவே. எழுத்தறியா மூதாட்டி தன் பேரனை மடியிலிருத்திக் கூறுவதும் இதுவே. ஆயினும், செருக்கு என்பது யாது, பணிவு என்பது யாது என்று நின்று வினவுவோமாயின் விடை எளிதிற் கிடைப்பதில்லை. தலைநிமிர்ந்து நடப்பவனை நாம் செருக்கன் என்கிறோம். செய்த வேலைக்குரிய கூலியைத் தயங்காது கேட்பவனையும் செருக்கன் என்கிறோம். வறியவனொருவனைப் பலர் நடுவே இழித்துப் பேசி, அதிலே இன்பங் காண்பவனையும் அதே சொல்லாற் சுட்டுகிறோம். மூவகை மனிதர்க்கும் ஒரே பெயர் சூட்டுவதால், மூவர் குற்றமும் ஒன்றே என்னும் மயக்கம் உண்டாகிறது. இம்மயக்கத்தால் இழப்படைபவன் எப்பொழுதும் கீழே நிற்பவன். பயனடைபவன் மேலே இருப்பவன்.

இம்மயக்கந் தீர்த்தற்குக் கிரேக்க நாட்டுப் பழங்கதைகளை ஆராய்தல் பெரிதும் துணை செய்யும். பிற குற்றங்கள் பலவற்றினும் இக்குற்றத்தை அந்நாட்டார் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தனர். அதற்கெனத் தனிச்சொல் வைத்திருந்தனர். ஏதென்ஸ் நகரத்தார் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியிருந்தனர். அவர்தம் தெய்வங்களை நாம் வணங்க வேண்டுவதில்லை. அக்கதைகள் நடந்தவையென நம்பவும் வேண்டுவதில்லை. அறிவுடைய மக்கள் பல தலைமுறையாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட ஒரு வினா அவற்றுள் இருக்கிறது. அதனை நாமும் கேட்டுப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியிற் கேட்ட பாடம்

முதற்கண், ஆங்கிலப் பள்ளிகளிலே வழக்கமாகக் கூறப்படும் முறையிற் சில கதைகளை நோக்குவோம்.

கசியோப்பியா என்பாள் ஓர் அரசி. கடற்கன்னியரினும் பேரழகு தன் குடும்பத்துக்கே உரியதென்று அவள் பெருமை பேசினாள். கடற்கடவுள் சினந்து ஒரு கொடிய விலங்கை அந்நாட்டின்மேல் ஏவினான். நாட்டைக் காக்க, அரசியின் மகள் ஆண்ட்ரோமிடா கடற்பாறையிலே சங்கிலியாற் பிணிக்கப்பட்டாள். பேசியவள் தாய், பாறையில் நின்றவள் மகள். அத்தாயின் பெயரைக் கொண்ட ஐந்து விண்மீன்களை, ஆண்டின் இறுதித் திங்கள்களில் முன்னிரவு வேளையில் நம் நாட்டின் வடவானத்திலும் காணலாம்.

சல்மோனியஸ் என்பான் ஓர் அரசன். தன்னையே தெய்வங்களின் தலைவனாகிய சீயஸ் எனப் பாராட்டிக்கொண்டான். வெண்கலக் கலங்களைத் தேரிற் கட்டி இழுத்து அவ்வோசையே இடி என்றான். எரியும் தீவட்டிகளை வீசி அதுவே மின்னல் என்றான். உண்மையான இடி அவன்மேல் வீழ்ந்தது.

இகாரஸ் என்பான் ஓர் இளைஞன். அவன் தந்தை டெடலஸ், கிரீட் தீவிலே சிறைப்பட்டிருந்த பெருந்தச்சன். இறகுகளை மெழுகினால் ஒட்டிச் சிறகுகள் செய்து, தந்தையும் மைந்தனும் வானிற் பறந்து தப்பினர். மைந்தனோ பறத்தலின் இன்பத்திலே மயங்கி மேன்மேலும் உயர்ந்தான். வெயிலில் மெழுகு உருகிற்று. அவன் கடலில் வீழ்ந்து மாண்டான்.

இம்மூன்றையும் கூறி முடிக்கும் ஆசிரியர், "ஆதலால், பிள்ளைகளே, உங்கள் நிலைக்கு மேலே உயர எண்ணாதீர்கள்" என்று பாடத்தை நிறைவு செய்வர். மாணவரும் தலையசைப்பர். ஆனால் இகாரஸின் கதையை உரோமப் புலவர் ஓவிட் பாடியவாறு முழுமையாகப் படிப்போர்க்கு ஒரு செய்தி புலனாகும். தந்தை மைந்தனுக்குச் செய்த எச்சரிக்கை ஒன்றன்று, இரண்டு. மிக உயர்ந்து பறந்தால் வெயில் சிறகைச் சுடும் என்றான். மிகத் தாழ்ந்து பறந்தால் கடல்நீர் சிறகை நனைத்துப் பாரமாக்கும் என்றும் சொன்னான். இடைவழியே செல்க என்பதே அவன் அறிவுரை. உயரப் பறத்தலின் கேட்டை எல்லாரும் எடுத்துரைக்கின்றனர். தாழப் பறத்தலின் கேட்டை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. தாழ்ந்து பறந்து நனைந்த சிறகோடு மூழ்கியவனை எந்தப் பாடப்புத்தகம் படம் வரைந்து காட்டுகிறது?

சட்டம் கண்ட குற்றம்

கிரேக்கர் இக்குற்றத்துக்கு வழங்கிய சொல் 'ஹூப்ரிஸ்' என்பது. இக்காலத்தில் ஆங்கிலம் எழுதுவோர் அதனை மிகையான தன்னம்பிக்கை என்னும் பொருளில் ஆளுகின்றனர். பண்டைக் கிரேக்கரோ அதனைப் பெரும்பாலும் வேறொரு பொருளிலே வழங்கினர். பிறனொருவனை வேண்டுமென்றே அவமதித்தல், அவன் மானத்தை மிதித்தல் என்பதே அப்பொருள்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலே ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த நாவலர் டெமஸ்தனிஸ் என்பார், திருவிழாக் காலத்திலே நாடக அரங்கிற் பலர் காண, மீடியாஸ் என்னும் செல்வனால் முகத்தில் அடிக்கப்பட்டார். அவனுக்கெதிராக அவர் இயற்றிய வழக்குரை இன்றும் கிடைக்கிறது. உடலில் விழுந்த அடியினும், அடித்தவன் நின்ற நிலை, பார்த்த பார்வை, பேசிய குரல் ஆகியவையே அடிபட்டவனை வாட்டுகின்றன என்று அவர் அதில் எடுத்துக்காட்டுகிறார். ஹூப்ரிஸ் குற்றத்துக்குரிய சட்டத்தையும் அங்கே காட்டுகிறார். குழந்தையாயினும், பெண்ணாயினும், ஆணாயினும், உரிமையுடையாராயினும், அடிமையாயினும், அவர்க்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு வழக்குக்கு உரியதென்று அச்சட்டம் கூறுகிறது.

அடிமையும் அதில் அடக்கம் என்பதை ஊன்றி நோக்குக. அந்நகரம் அடிமைகளை வாங்கி விற்ற நகரம். அவ்வடிமை தானே மன்றேறி வழக்கிட இயலாது. குடியுரிமை பெற்ற ஒருவரே அவன் பொருட்டு வழக்கிடல் வேண்டும். ஆதலின் அச்சட்டத்தை அளவுமீறிப் புகழ்வதற்கில்லை. எனினும், மனிதனை விலைக்கு வாங்கிய சமுதாயமே, அவனுக்கும் மிதிக்கலாகாத ஒன்று உண்டென்று எழுதி வைக்க நேர்ந்தது. அநீதி செய்வோரின் மனமும் அறியும் உண்மை அது.

அரிஸ்டாட்டில் தமது சொல்லாற்றல் பற்றிய நூலில் இக்குற்றத்தை இன்னும் நுட்பமாகப் பகுத்துக் காட்டுகிறார். தனக்கு ஓர் ஆதாயம் கருதியன்றி, இழிவுபடுத்தும் இன்பம் ஒன்றுக்காகவே பிறனுக்கு வெட்கந் தரும் செயலையோ சொல்லையோ இழைத்தலே ஹூப்ரிஸ் என்பது அவர் கருத்து. பழிக்குப் பழி வாங்குவதும் இதில் அடங்காது. இவ்வின்பம் எங்கிருந்து பிறக்கிறது? பிறனைத் தாழ்த்துவதால் தான் உயர்ந்துவிட்டதாக ஒருவன் எண்ணிக்கொள்கிறான். அவ்வெண்ணமே இன்பத்தின் ஊற்று. இளைஞரிடத்தும் செல்வரிடத்தும் இக்குற்றம் மிகுதி என்று அவர் கூறுவதன் காரணமும் இதுவே.

இங்கே நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. ஒருவன் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாக எண்ணுகிறான் என்று மட்டும் பார்த்தல் போதாது. தன் உயர்வுக்காக அவன் எவரைத் தாழ்த்துகிறான் என்று பார்த்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு கதைகளை மீண்டும் அளந்து பார்ப்போம்.

நியோபியின் ஏளனம்

தீப்ஸ் நகரத்து அரசி நியோபிக்கு மக்கள் பலர். ஆண்மக்கள் அறுவர், பெண்மக்கள் அறுவர் என்பது ஹோமர் பாடிய கணக்கு. எழுவரும் எழுவரும் என்பது ஓவிட் பாடிய கணக்கு. லீட்டோ என்னும் தெய்வத்தாய்க்கோ அப்பல்லோ, ஆர்ட்டிமிஸ் என இருவரே மக்கள். தன் செல்வத்தையும் மக்கட்பேற்றையும் எண்ணிக் களித்த நியோபி, லீட்டோவினும் தானே சிறந்தவள் என்றாள். அவள் மக்கள் அனைவரும் அம்புகளுக்கு இரையாயினர். அழுதழுது அவள் கல்லாயினாள். இன்றைய துருக்கி நாட்டிலே மனிசா நகரையடுத்த சிபிலஸ் மலையில், அவள் உருவெனக் காட்டப்படும் பாறையொன்று இருக்கிறது.

தன் பிள்ளைகளை எண்ணிப் பெருமைப்பட்டது குற்றமா? உலகத்துத் தாய்மாரெல்லாம் செய்வது அதுவன்றோ! அவள் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஓவிட் பாடியுள்ளபடி, லீட்டோவை வழிபட்டுக்கொண்டிருந்த பெண்களை இடைமறித்து, மாலைகளைக் களைந்துவிட்டுப் போகுமாறு அவள் கட்டளையிட்டாள். அவ்வளவோடு நின்றாளில்லை. லீட்டோ ஒரு காலத்திலே நிறைசூலியாய் இருந்தபோது, அவள் பிள்ளை பெறுதற்கு எந்த நாடும் இடந்தர மறுத்தது. நிலமெங்கும் கடலெங்கும் அலைந்த அவளுக்கு, டீலஸ் என்னும் சிறு தீவொன்றே இரங்கி இடங்கொடுத்தது. அந்தப் பழந்துன்பத்தையே நியோபி எடுத்து ஏளனஞ் செய்தாள். போக்கிடமின்றி அலைந்தவளுக்கா பூசை என்பது அவள் கேள்வியின் கருத்து.

நாடற்று அலைந்த ஒருத்தியின் நாடற்ற நிலையையே நகையாடியதுதான் நியோபியின் ஹூப்ரிஸ். அவள் தாய்மைப் பெருமிதம் அன்று.

அதற்காக அப்பிள்ளைகளைக் கொன்றது நீதியா என்று கேட்பீர்களாயின், நீதியன்று என்றே நான் விடை கூறுவேன். தாய் பேசிய பேச்சுக்குப் பிள்ளையைத் தண்டிக்கும் தெய்வம், தன் வலிமையைக் காட்டுகிறதேயன்றித் தன் மேன்மையைக் காட்டவில்லை. கதை கூறிய புலவரும் இதனை உணராதவரல்லர். கடைசிப் பெண் குழந்தையைத் தன் ஆடையால் மூடிக்கொண்டு, இவளொருத்தியையேனும் விட்டுவிடுக என்று தாய் கெஞ்சும் இடத்தை ஓவிட் பாடும்போது, படிப்போர் நெஞ்சம் தெய்வத்தின் பக்கம் நிற்பதில்லை.

ஏழையின் திறமை செருக்காகுமா?

இனி, நம் அளவுகோலுக்கே சோதனையாக அமைந்த இரு கதைகளைக் காண்போம்.

அராக்னி என்பாள் லிடியா நாட்டுப் பெண். அவள் தந்தை கம்பளி நூலுக்குச் சாயம் தோய்ப்பவன். தாயும் எளிய குடியிற் பிறந்தவளே. பிறப்பாலன்றி நெசவுத் திறத்தாலேயே அவள் புகழ்பெற்றாள். இக்கலையை அத்தீனா தேவியிடம் கற்றாயா என்று கேட்டவரிடம், இல்லை என்றாள். அத்தேவியோடு போட்டியிடவும் துணிந்தாள். தேவி ஒரு கிழவியின் உருவில் வந்து, மனிதருள் முதன்மை போதும், தெய்வத்துக்கு அடங்கிப் போ என்று அறிவுரை கூறினாள். அராக்னி அக்கிழவியைக் கடுஞ்சொல்லால் ஏசி, முதுமையால் அறிவு கெட்டாய் என இகழ்ந்து, அடிக்க எழுந்த கையை அரிதின் அடக்கிக்கொண்டாள்.

பின்னர்ப் போட்டி நடந்தது. அராக்னி நெய்த துணியிலே, தெய்வங்கள் மண்ணுலகப் பெண்களை வஞ்சித்த கதைகள் வரிசையாகத் தோன்றின. அத்துணியில் அத்தீனாவாலும் குறை காண இயலவில்லை என்று ஓவிட் வெளிப்படையாகக் கூறுகிறார். குறை காண இயலாத தேவி என்ன செய்தாள்? துணியைக் கிழித்தாள், நெசவுக் கருவியால் அப்பெண்ணின் நெற்றியில் அடித்தாள். மானம் பொறாத அராக்னி கழுத்திற் கயிறிட்டுக்கொண்டாள். தேவி அவளைச் சிலந்தியாக்கிவிட்டாள். சிலந்தியினத்துக்கு அறிவியலார் இன்று வழங்கும் பெயரும் அவள் பெயரிலிருந்து வந்ததே.

இக்கதையை நம் கோலால் அளந்தால் இரண்டு உண்மைகள் தோன்றும். சாயக்காரன் மகள் தன் கைத்திறத்தை எண்ணிப் பெருமிதங் கொண்டது செருக்கன்று. அது உழைப்பின் பயன். அவள் செய்த தவறு, தள்ளாத கிழவியென்று தான் நம்பிய ஒருத்தியை இழித்துரைத்ததே. இஃது ஓர் உண்மை. துணியைக் கிழித்து நெற்றியில் அடித்த தேவி செய்ததோ, அரிஸ்டாட்டில் வகுத்த ஹூப்ரிஸ் என்னும் குற்றத்துக்கு மிக நெருங்கியது. இது மற்றோர் உண்மை. இதனைப் பாடிய ஓவிட், கி.பி. 8-ஆம் ஆண்டிலே பேரரசர் ஆகஸ்டஸின் ஆணையால் கருங்கடற் கரையிலுள்ள டோமிஸ் நகருக்கு நாடு கடத்தப்பட்டு, ஊர் திரும்பாமலே அங்கு மாண்டார்.

மற்றொன்று ஹோமரின் இலியட் காப்பியத்தில் வரும் தெர்சிட்டிஸ் என்பானின் கதை. டிராய் நகரை முற்றுகையிட்ட படையிலே அவன் மிக அழகற்றவன். கால் வளைந்து, தோள் கூனியவன். படைத்தலைவன் அகமெம்னன் கொள்ளைப் பொருளில் தனக்கே பெரும்பங்கு கொள்கிறான், வீரன் அக்கிலீஸை அவமதித்தான் என்று அவையிலே குரலெழுப்பினான். இதே குற்றச்சாட்டை அக்கிலீஸ் முன்னரே கூறியிருந்தான். அகமெம்னனின் செயலை ஹூப்ரிஸ் என்றே பெயரிட்டுச் சொன்னான். அக்கிலீஸ் கூறியபோது அவை கேட்டது. தெர்சிட்டிஸ் கூறியபோது, ஒடிஸியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடித்தான். அவன் அழுதான், படை சிரித்தது.

சொல் ஒன்றே, சொன்னவர் இருவர். உயர்குடியினன் வாயில் அது மானமாயிற்று. எளியவன் வாயில் அது திமிராயிற்று. அன்று படை சிரித்த சிரிப்பு உலகத்தில் இன்றும் ஓயவில்லை. பணிவைப் போதிப்பவர் யார், எவருக்குப் போதிக்கிறார், எந்த வேளையிற் போதிக்கிறார் என்பவற்றை நோக்காமல் அப்போதனையை ஏற்றுக்கொள்வது அறிவுடைமையன்று.

பன்றி மேய்ப்பவனின் குடிசை

ஹோமரின் மற்றொரு காப்பியமாகிய ஒடிஸியிலே, மெய்யான செருக்கும் மெய்யான பணிவும் எதிரெதிரே நிற்கின்றன. ஒடிஸியஸ் மன்னன் இருபது ஆண்டுகள் கழித்துத் தன் தீவாகிய இத்தாக்காவுக்கு மீள்கிறான். அவன் அரண்மனையில் நூற்றெட்டுப் பெருங்குடி இளைஞர், அவன் மனைவியை மணக்க வேண்டி, அவன் ஆடுமாடுகளைத் தின்று களித்துக்கொண்டிருக்கின்றனர். அவனோ பிச்சைக்காரன் கோலத்தில் வருகிறான்.

முதலில் அவன் செல்வது யூமேயஸ் என்னும் பன்றி மேய்ப்பவனின் குடிசைக்கு. இந்த யூமேயஸ் மன்னர்குடியிற் பிறந்து, சிறுவனாயிருந்தபோது கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவன். நாய்கள் பிச்சைக்காரன்மேற் பாய்ந்தன. யூமேயஸ் ஓடிவந்து அவற்றை விரட்டினான். வழிப்போக்கரும் இரவலரும் சீயஸின் மக்கள், எம்மால் இயன்றது சிறிதேயாயினும் அன்போடு தருகிறோம் என்ற கருத்துப்படப் பேசி, இறைச்சி சமைத்து முன்வைத்தான். குளிருக்குத் தன் போர்வையையும் தந்தான். வந்தவன் தன் தலைவன் என்பதை அவன் அறியான். அறியாமற் செய்தமையாலன்றோ அச்செயலுக்கு மதிப்பு!

மறுபுறம், அரண்மனையிலே அதே பிச்சைக்காரன் கையேந்தியபோது, அன்டினோஸ் என்னும் இளைஞன் கால்மணையைத் தூக்கி அவன் தோளில் எறிந்தான். பின்னொருவன் மாட்டுக் குளம்பை எறிந்தான். எறிந்தவர்க்கு ஆதாயம் யாதுமில்லை, சிரிப்பதற்காகவே எறிந்தனர். இவ்விளைஞர்களின் நடத்தைக்கு ஹோமர் மீண்டும் மீண்டும் வழங்கும் சொல் ஹூப்ரிஸ் என்பதே. ஒடிஸி முழுவதிலும், புலவர் தாமே முன்னிலைப்படுத்தி 'நீ' என விளித்துப் பேசும் தனிச்சிறப்பைப் பெற்றவன், மன்னனல்லன், இளவரசனல்லன். பன்றி மேய்க்கும் யூமேயஸ் ஒருவனே.

இறுதியில் ஒடிஸியஸ் அவ்விளைஞரை வீழ்த்துகிறான். கிழச் செவிலித்தாய் களிப்பினாற் கூவ வாயெடுத்தபோது, இறந்துபட்டவர்மேல் நின்று ஆர்ப்பரித்தல் தகாதென்று அவளைத் தடுக்கிறான். வென்றவன் வாயிலிருந்து வந்த அருஞ்சொல் அது. ஆயினும், அதே நாளிலே, அவ்விளைஞரோடு கூடினரென்று பணிப்பெண்கள் பன்னிருவர் தூக்கிலிடப்படுகின்றனர். அடிமைப் பெண்கள் மறுக்கவும் இயலுமா என்று எவரும் கேட்கவில்லை. பெரிய காப்பியங்களைப் படிக்கும்போது பெரியோர் செய்த சிறுமையையும் மறையாது படித்தல் நம் கடமை.

பகைவனின் கையை முத்தமிட்டவன்

டெல்பி நகரத்து அப்பல்லோ கோயிலில், உன்னையே நீ அறிந்துகொள் என்னும் கருத்துடைய வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. எதிலும் மிகை வேண்டா என்னும் வாசகமும் அதனுடன் இருந்தது. முன்னதற்குப் பிற்காலத்து ஞானியர் பலவாறு உரை கண்டனர். தெய்வத்தின் வாயிலில் நின்ற பண்டைக் கிரேக்கனுக்கோ, நீ சாகப் பிறந்த மனிதன் என்பதை மறவாதே என்பதே அதன் முதற்பொருள். இவ்வறிவு செயலாக மலர்வதை இலியட்டின் கடைசிப் பகுதியிற் காண்கிறோம்.

இலியட் தொடங்குவதும் முடிவதும் ஒரு முதிய தந்தையின் வருகையோடுதான். தொடக்கத்தில், கிரைசிஸ் என்னும் முதியவர், சிறைப்பட்ட மகளை மீட்கப் பொருள் கொண்டு வருகிறார். அகமெம்னன் அவரை இழித்துப் பேசித் துரத்துகிறான். அவ்வவமதிப்பினின்று கொள்ளைநோயும், தலைவர்க்குள் பகையும், எண்ணற்ற சாவும் விளைகின்றன. இறுதியில், டிராய் நகரத்து மன்னன் பிரியாம், கொலையுண்ட மகன் ஹெக்டரின் உடலை மீட்கப் பொருள் கொண்டு, இரவிலே பகைவனின் கூடாரத்துக்கு வருகிறான். தன் மக்கள் பலரைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை முத்தமிட்டு, உன் தந்தையும் என்போல் முதியவரே, அவரை நினைந்து எனக்கு இரங்கு என்கிறான்.

ஹெக்டரின் உடலைத் தேரிற் கட்டி இழுத்த அக்கிலீஸ், அம்முதியவரின் கையைப் பற்றி மெல்ல விலக்கினான். இருவரும் அழுதனர். ஒருவர் மகனுக்காக, மற்றவன் தந்தைக்காகவும் இறந்துபட்ட தோழனுக்காகவும். பின்னர் அக்கிலீஸ் முதியவரை உண்ணச் செய்தான். அப்பொழுது அவன் எடுத்துக் கூறும் கதை நியோபியின் கதையே. பன்னிரு மக்களை இழந்த அவளும் உணவை மறக்கவில்லை, நீரும் உண்க என்கிறான். பள்ளியில் நாம் அச்சுறுத்தலாகக் கேட்ட அதே கதை, பகைவனின் துயரை ஆற்றும் மருந்தாக இங்கே மாறிவிடுகிறது.

இன்னுமொரு செயல் எண்ணத்தக்கது. ஹெக்டரின் உடலைத் தந்தையின் கண்ணிற் படாதபடி அப்பாற் கொண்டுபோய்க் கழுவுமாறு அக்கிலீஸ் ஏவினான். ஏன்? மகனைக் கண்டு முதியவர் சினங்கொண்டால், தானும் சினந்து அவரைக் கொன்றுவிடக்கூடும் என அவன் அஞ்சினான். தன் வலிமையை அறிந்தவர் உலகிற் பலர். தன் சினத்தின் வலிமையை அறிந்து, அதனின்று பிறரைக் காக்க முன்னேற்பாடு செய்பவர் சிலர். பணிவு என்பது இதுவே. இது கூனிக் குறுகி நிற்றலன்று. தன் அளவைத் தானே அறிந்து நடத்தல். பகைவனின் கையை முத்தமிட்ட பிரியாமும் கூனவில்லை. மகனுக்குச் செய்யவேண்டிய கடனை எண்ணி, எவரும் துணியாத செயலைச் செய்தான். அவனைக் கோழையென்பார் உண்டோ?

நமக்குரிய அளவுகோல்

இக்கதைகள் பிறந்த நிலம் வேறு, காலம் வேறு. ஆயினும் அவை தரும் அளவுகோல் நம் கைக்கும் பொருந்தும். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் எங்களைப் போன்ற கிராணிமாரின் நாற்காலி, மேலிருப்பவர்க்கும் கீழிருப்பவர்க்கும் நடுவில் இடப்பட்டது. மேலே பார்க்கும்போது முதுகு தானே வளைகிறது; கீழே பார்க்கும்போது குரல் தானே உயர்கிறது. முன்னதைப் பணிவு என்றும், பின்னதை நிர்வாகம் என்றும் பெயரிட்டுக்கொள்வது எளிது. நம் கோலால் அளந்தால், முன்னது அச்சம், பின்னது ஹூப்ரிஸ்.

நம் பாட்டன்மார் பெரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையில் நின்ற காலத்திலே, அவர்க்குப் போதிக்கப்பட்டதும் பணிவுதான். இன்று தோட்டங்கள் பலவற்றில், இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் அவ்வரிசையில் நிற்கின்றனர். கணக்கெழுதுவோரிலும், மேற்பார்வையிடுவோரிலும் நம்மவர் இருக்கின்றனர். அவர்தம் பேச்சை நையாண்டி செய்வதும், உணவை முகஞ்சுளித்துப் பார்ப்பதும், பிழைக்க வந்தவன்தானே என்று பலர் முன்னிலையில் ஏசுவதும் சிற்சில இடங்களில் நடக்கக் காண்கிறோம். போக்கிடமின்றி அலைந்தவள் என்று லீட்டோவை ஏளனஞ் செய்தவளின் சொல்லுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? கப்பலேறி வந்தவரின் வழித்தோன்றல்களாகிய நாம், பிறன் கப்பலேறி வந்ததைப் பழிக்கும் உரிமையை எங்கே பெற்றோம்?

அதே வேளையில், தன் கூலிச்சீட்டிற் பிழை கண்டு கேட்பவனையும், தன் பிள்ளை மேற்படிப்புப் படிக்க வேண்டுமென விரும்புபவனையும், இழிசொல் கேட்டுப் பொறாது எதிர்மொழி கூறுபவனையும் செருக்கன் என்று தூற்றுவோமாயின், தெர்சிட்டிஸைக் கண்டு சிரித்த கூட்டத்திலே நாமும் ஒருவராகிறோம். அவன் எவரையும் தாழ்த்தவில்லை. தான் தாழ்த்தப்பட மறுக்கிறான். அதன் பெயர் தன்மானம்.

ஆதலின், வாசகர்காள், செருக்கன் என்று ஒருவனைச் சுட்டுமுன் மூன்று வினாக்களை நம்முள் கேட்போம். இவன் தன் உயர்வுக்காக எவரையேனும் தாழ்த்துகிறானா? தாழ்த்துகிறானாயின், தாழ்த்தப்பட்டவன் திருப்பிப் பேச இயலாத எளியவனா? இக்கேள்வியை நாம் எளியவனிடம் மட்டும் கேட்கிறோமா, வலியவனிடமும் கேட்கிறோமா? இவற்றுக்கு நேர்மையாக விடை கண்டபின், பணிவைப் பற்றி நாம் பிறர்க்குப் போதிக்கலாம். அதுவரை, யூமேயஸ் செய்ததுபோல், வாயிலில் வந்து நிற்பவன்மேற் பாயும் நாய்களை விரட்டுவதையே நம் முதல் வேலையாகக் கொள்வோமாக.